விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடும் முன்: நகை, ஜீவனாம்சம், வீடு, பிள்ளைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களின் வராந்தாவில் அரை நாள் நின்றால் போதும், கீழே உள்ள கேள்விகளில் பாதி காதில் விழுந்துவிடும். பதில்கள் பெரும்பாலும் இந்து திருமணச் சட்டம், 1955 வழியாகப் பிரிகிறவர்களை மனதில் வைத்து எழுதியவை. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எது மாறும் என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வழக்கின் ஆவணங்களைப் பார்த்த வக்கீலின் யோசனைக்கு இது மாற்று ஆகாது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

இருவருமே பிரிவதென்று முடிவு செய்துவிட்டோம். இனி கோர்ட் வெறும் சம்பிரதாயம்தானே?

பரஸ்பர சம்மத விவாகரத்து (கோர்ட் வட்டாரத்தில் 'மியூச்சுவல்') சட்டத்தின் 13பி பிரிவின்படி நடக்கிறது. மனுப் போடுவதற்கு முன் குறைந்தது ஒரு வருடம் இருவரும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான். மனுவைத் தாக்கல் செய்தபின் ஆறு மாதம் காத்திருந்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து 'ஆமாம், பிரிகிறோம்' என்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு அது வைத்த நிபந்தனைகளில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை: ஜீவனாம்சம், பிள்ளைகளின் பொறுப்பு உள்ளிட்ட எல்லாவற்றையும் உண்மையிலேயே பேசித் தீர்த்திருக்க வேண்டும்.

அதனால் பிரிவது என்ற முடிவைவிட 'என்னென்ன, யாருக்கு, எந்தத் தேதியில்' என்பதுதான் பெரிய வேலை. இதை எழுதாமல் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று போகிறவர்கள்தான் இரண்டு வருடம் கழித்து நகைக்கு ஒரு வழக்கு, பிள்ளையைப் பார்க்க ஒரு வழக்கு என்று அதே வராந்தாவுக்குத் திரும்புகிறார்கள். இன்னொன்று: தீர்ப்பு வரும்வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பணம், பத்திரம், கையெழுத்து எந்த வரிசையில் கைமாற வேண்டும் என்பது இதனால்தான் முக்கியமாகிறது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பாண்டு பேப்பரில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதாதா?

போதாது. 'அத்துவிடுவது', 'தீர்த்துவிடுவது' என்று சில சமூகங்களில் வழக்கம் உண்டு. அப்படிப்பட்ட வழக்காற்று மணவிலக்கைச் சட்டமும் 29(2) பிரிவில் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் தங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக இருப்பதைக் கேட்கும்போது நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அது லேசில் நடக்காது. நிரூபிக்க முடியாவிட்டால் முதல் கல்யாணம் சட்டப்படி உயிரோடுதான் இருக்கிறது. அதன்பின் செய்த இரண்டாவது கல்யாணம் செல்லாது, குற்றமாகவும் ஆகும். அந்த மனைவியின் வாரிசுரிமை, குடும்ப ஓய்வூதியம் எல்லாமே சிக்கலாகும். நோட்டரி முத்திரை குத்தினாலும் இதுதான் நிலைமை.

கல்யாணத்தைப் பதிவே செய்யவில்லை. அப்படியிருந்தும் விவாகரத்து வாங்க வேண்டுமா?

வாங்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம் என்றாலும், பதிவு செய்யாததால் கல்யாணம் இல்லாமல் போய்விடாது. அழைப்பிதழ், போட்டோ, மண்டப ரசீது, சாட்சிகள் போதும். சுயமரியாதைத் திருமணமும் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி செல்லுபடியானது என்பதால் அதற்கும் இதே நடைமுறைதான்.

என் நகைகள் எல்லாம் மாமியார் வீட்டு லாக்கரில் இருக்கின்றன. அவை யாருக்குச் சொந்தம்?

உங்களுக்கு. பிறந்த வீடு போட்டது, மாமியார் வீடு போட்டது, கணவர் வாங்கிக் கொடுத்தது, கழுத்தில் கட்டிய தாலிக்கொடி, சொந்தக்காரர்கள் போட்ட மோதிரம் எல்லாமே சீதனம். பெண்ணுக்கு முழு உரிமையான சொத்து. கணவரோ மாமியாரோ அதை வைத்திருந்தால் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024இல் கேரள வழக்கு ஒன்றில் 89 பவுன் நகைக்காக 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. கஷ்ட காலத்தில் மனைவியின் நகையைக் கணவர் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 'வீடு கட்டத்தானே அடகு வைத்தேன்' என்ற பதிலுக்கு இதுவே பதில்.

உரிமை இருப்பது வேறு, நிரூபிப்பது வேறு. கல்யாண ஆல்பம், வீடியோ, நகைக்கடை பில், நகைக்கடன் ரசீது, லாக்கரைத் திறந்த தேதிப் பதிவு, வாட்ஸாப்பில் 'நகையை எடுத்துட்டு வரேன்' என்று வந்த ஒரு வரி எல்லாம் சாட்சியம்தான். வீட்டைவிட்டு வந்த கையோடு நகைப் பட்டியல் ஒன்றை எழுதி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எழுதும் பட்டியலில் ஆரம் மறந்துபோகும், இல்லாத நெக்லஸ் ஒன்று சேர்ந்துகொள்ளும். எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த ஒன்றைத்தான்.

ஒப்பந்தத்தில் நகையை ரூபாயில் எழுதாதீர்கள். 'நகைக்காக இவ்வளவு லட்சம்' என்று முதல் மனுவின்போது எழுதிவிட்டு, இறுதிக் கையெழுத்து வருவதற்குள் தங்கம் எங்கேயோ போயிருக்கும். பவுன் கணக்கில், உருப்படி உருப்படியாக எழுதுங்கள்: 'கல் வைத்த ஆரம் 1, கல், அரக்கு நீக்கி நிகர எடை இத்தனை கிராம்' என்பதுபோல. வக்கீல் ஆபீஸ் மேசையில் நகை திரும்ப வரும் நாளில் பெரும்பாலும் சண்டை மூள்வது இந்தக் கல் எடையில்தான். அவர்கள் மொத்த எடை சொல்வார்கள், நீங்கள் நிகர எடை சொல்வீர்கள். ஒரு பவுன் எட்டு கிராம்தான் என்றாலும், நாற்பது பவுன் நகையில் இந்த வித்தியாசம் சில பவுனைத் தொட்டுவிடும். இருதரப்புக்கும் பொதுவான ஒரு நகைக்கடையில் எடை போட்டு, அந்தச் சீட்டை மனுவோடு இணைத்துவிட்டால் தொல்லை இல்லை.

சீர் சாமான், ரொக்கம், கல்யாணச் செலவு?

கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், பித்தளை அண்டா, வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வாங்கலாம். கல்யாணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பரிசுகளைப் பங்கிட இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இருக்கிறது. வரதட்சணையாகக் கொடுத்த ரொக்கத்தை வாங்கியவர் அந்தப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. வங்கி வழியாகப் போன பணத்துக்கு ஆதாரம் உண்டு. தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்ததற்குச் சாட்சிகளைத்தான் நம்ப வேண்டும். மண்டப வாடகை, சாப்பாட்டுச் செலவைத் திருப்பிக் கேட்க நேரடியான சட்டப் பிரிவு கிடையாது. பேச்சுவார்த்தையில் மொத்தத் தொகைக்குள் அதைச் சேர்த்துக்கொள்வதே வழக்கம். பழைய பீரோவுக்காக மூன்று வாய்தா போக வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்? சம்பளத்தில் 25 சதவீதம் என்கிறார்களே?

அப்படி ஒரு விதி இல்லை. 2017இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை யாரோ வாய்பாடாக்கிவிட்டார்கள். சட்டப்படி நீதிபதி பார்ப்பது இருவரின் வருமானம், சொத்து, கடன், வயது, உடல்நிலை, எத்தனை வருடக் கல்யாணம், பிரிவதற்கு முன் எந்த வசதியில் வாழ்ந்தார்கள், பிள்ளைகள் யாரிடம், கணவரின் பெற்றோர் அவரை நம்பி இருக்கிறார்களா என்பவற்றை. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதமான தொகை வருவது சகஜம்.

இதில் இரண்டு வகை இருப்பதைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். வழக்கு நடக்கும் காலத்துக்கு இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில். இந்த மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், விடாமல் கேட்க வேண்டும். தீர்ப்போடு வரும் நிரந்தர ஜீவனாம்சம் 25ஆம் பிரிவில். விவாகரத்து வழக்கே போடாமலும் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 1.7.2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 வழியாகவும் கேட்கலாம். மூன்றிலும் வழக்குப் போட்டால் மூன்று மடங்கு கிடைக்காது. ஒன்றில் உத்தரவானதை மற்றதில் கழித்துக்கொள்வார்கள், நீங்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அவர் சொந்தத் தொழில் செய்கிறார். வருமானமே இல்லை என்கிறார். என்ன செய்வது?

2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஜீவனாம்ச வழக்கு என்றால் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வாய்தா வாங்கி இழுத்தால் பாக்கிதான் ஏறும்.

பத்திரத்தில் பொய் எழுதுகிறவர்கள் உண்டு. கடை அண்ணன் பெயரில் இருக்கும், கார் அம்மா பெயரில் இருக்கும், வருமான வரிக் கணக்கில் ஐந்து லட்சம் காட்டியிருப்பார். நீங்கள் வாழ்க்கை முறையைக் காட்டுங்கள்: பிள்ளைக்குக் கட்டிய பள்ளிக் கட்டணம், கிரெடிட் கார்டு பில், இ.எம்.ஐ., ஜி.எஸ்.டி. எண், வெளிநாட்டுப் பயணப் படங்கள். நிலம் இருக்கும் ஊர் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம். மாதம் நாற்பதாயிரம் சம்பாதிக்கிறவர் ஐம்பதாயிரம் இ.எம்.ஐ. கட்ட முடியாது என்பது நீதிபதிக்கும் தெரியும். நிறுவனத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ ஆவணங்களை வரவழைக்கச் சொல்லி மனுப் போடவும் வழி இருக்கிறது.

நான் வேலைக்குப் போகிறேன். எனக்கு ஜீவனாம்சம் கிடையாதா? கணவர் என்னிடம் கேட்க முடியுமா?

வேலை இருப்பதாலேயே உரிமை போய்விடாது. உங்கள் சம்பளத்தில் பழைய வாழ்க்கைத் தரத்தில் வாழ முடியுமா என்பதுதான் கேள்வி. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம் என்றால் உங்களுக்கென்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், பிள்ளைக்கான பங்கைக் கேளுங்கள். படித்திருக்கிறாள், சம்பாதிக்க முடியும் என்பதை மட்டும் காட்டி மறுக்க முடியாது. உண்மையில் சம்பாதிக்கிறாரா என்றே பார்க்க வேண்டும். வழக்குக்காகவே வேலையை விடுவது மட்டும் வேண்டாம். ராஜினாமாக் கடிதத்தின் தேதியும் வக்கீல் நோட்டீஸின் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்காது.

கணவரும் கேட்கலாம். 24, 25 இரண்டு பிரிவுகளும் இருவருக்கும் பொது. உடல்நலக் குறைவால் சம்பாதிக்க முடியாதவர் போன்ற தகுந்த காரணம் இருந்தால்தான் கிடைக்கும்.

மாதாமாதம் வாங்குவதா, மொத்தமாக வாங்குவதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 20,000 ரூபாய் என்று பேச்சு. எதிர்த்தரப்பு பத்து வருடக் கணக்கில் 24 லட்சம் மொத்தமாகத் தருகிறேன் என்கிறது. அதை 7 சதவீத வட்டியில் டெபாசிட் செய்தால் மாதம் 14,000 வரும், முதல் அப்படியே இருக்கும். 20,000த்தைவிடக் குறைவுதான். ஆனால் மாதாமாதம் வரும் 20,000 என்பது அவர் வேலை போகாமல், வெளிநாடு ஓடாமல், உயிரோடு இருந்து, மனசும் வைத்தால் வருவது. நீங்கள் மறுமணம் செய்துகொண்டால் அதை நிறுத்தச் சொல்லி அவர் மனுப் போடலாம்.

வரியிலும் வித்தியாசம் இருக்கிறது. மொத்தமாக வருவதை மூலதன வரவாகப் பார்ப்பதால் பொதுவாக வரி இல்லை. அதிலிருந்து வரும் வட்டிக்கு உண்டு. மாதாமாதம் வருவது வருமானமாகக் கணக்காகும். கொடுப்பவருக்கு எந்த வகையிலும் வரிக்கழிவு கிடையாது.

என் கருத்தைக் கேட்டால், எதிர்த்தரப்பின் வருமானம் நிலையற்றது என்றாலோ பேச்சில் நம்பிக்கை இல்லை என்றாலோ கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது மொத்தமாக வாங்குவது மேல். அரசு வேலை, பெரிய நிறுவன வேலை என்றால் மாதத் தொகையும் பாதகமில்லை. வருடத்துக்கு இத்தனை சதவீதம் உயரும் என்று ஒரு வரி மட்டும் கட்டாயம் சேருங்கள். பத்து வருடம் கழித்து 20,000 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும்? மொத்தத் தொகையை டி.டி.யாக, இறுதிக் கையெழுத்து நாளில் நீதிமன்றத்தில் வைத்தே வாங்குங்கள். பின்தேதியிட்ட காசோலை திரும்பி வந்தால் அதற்குத் தனி வழக்கு.

உத்தரவு வந்தும் கட்டாவிட்டால்?

144ஆம் பிரிவு உத்தரவு என்றால் வாரண்ட் போடலாம், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் கழிந்துவிடாது. பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு இருக்கிறது. 'அடுத்த மாசம் சேர்த்துத் தரேன்' என்று கேட்டுக்கொண்டே இருந்து அதைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு என்றால் நிறைவேற்று மனு. சம்பளத்தையும் சொத்தையும் ஜப்தி செய்யலாம்.

வீடு அவர் பெயரில் இருக்கிறது. பாதி எனக்கு வருமா?

இதில்தான் பலருக்கு அதிர்ச்சி. கல்யாணத்துக்குப் பின் சேர்த்த சொத்தில் மனைவிக்குச் சரிபாதி என்ற சட்டம் நம்மிடம் இல்லை. போர்ச்சுக்கீசியர் காலச் சிவில் சட்டம் தொடர்வதால் கோவாவில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு, மற்ற இடங்களில் பத்திரத்தில் யார் பெயரோ அவர் சொத்து. நீங்கள் பணம் போட்டிருந்தால் அதை நிரூபித்துப் பங்கு கேட்கலாம். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் உழைத்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த மனைவியின் உழைப்பையும் பங்களிப்பாகக் கருதிச் சரிபாதி உரிமை தந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் அதே கிடைக்கும் என்று எண்ணி இருக்க வேண்டாம். ஜீவனாம்சத் தொகையைப் பேசும்போது அவருடைய வீட்டின் மதிப்பையும் கணக்கில் சேர்க்கச் சொல்வதே நடைமுறையில் எளிதான வழி.

இருவர் பெயரிலும் இருக்கும் ஃபிளாட், இருவர் பெயரிலும் கடன் என்றால் சிக்கல் இரட்டிப்பு. மதிப்பு 80 லட்சம், கடன் பாக்கி 50 லட்சம் என்று வையுங்கள். நிகரம் 30 லட்சம். ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவருக்கு 15 லட்சம் கொடுப்பதாகப் பேசிவிடுவார்கள். பேச்சு சரிதான். ஆனால் வங்கி அந்தப் பேச்சில் இல்லை. கடன் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும்வரை, தீர்ப்பில் என்ன எழுதியிருந்தாலும், இ.எம்.ஐ. தவறினால் வங்கி உங்களிடமும் வரும், உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். வீட்டை எடுப்பவரின் சம்பளத்துக்கு மட்டும் அந்தக் கடனைத் தாங்க முடியுமா என்று வங்கியிடம் முதலில் கேளுங்கள். முடியாது என்றால் விற்றுப் பிரித்துக்கொள்வதே நல்லது.

இனி, பெயர் மாற்றம். ஒப்பந்தத்தில் 'வீடு மனைவிக்கு' என்று எழுதியதால் மட்டும் வீடு மாறிவிடாது. பத்திரம் பதிவாக வேண்டும். அதையும் தீர்ப்பு வருவதற்கு முன்னால் பதியுங்கள். கணவன் மனைவிக்குள் தான செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். இது 2023 ஜூலையில் திருத்திய விகிதம், பதியும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் 'குடும்பம்' இல்லை. கிரயமாகப் பதிய நேர்ந்தால் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். 80 லட்சத்துக்கு 7,20,000 ரூபாய். வருமான வரியிலும் இதே கதைதான்: கணவன் மனைவிக்குள் கைமாறும் சொத்துக்கு வரி இல்லை, முன்னாள் கணவருக்கு அந்தச் சலுகை இல்லை.

மாமனார் பெயரில் உள்ள வீட்டில் குடியிருந்தோம். என்னை வெளியே போகச் சொல்கிறார்கள்.

நீங்கள் வாழ்ந்த 'பகிர்ந்த இல்லம்' மாமனார் பெயரில் இருந்தாலும் அதில் தங்கும் உரிமை கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தங்கும் உரிமை மட்டுமே. பங்கு அல்ல. வயதான மாமனார் மாமியாரின் நிலைமையையும் பார்த்து, அதற்குப் பதிலாக வாடகை வீடு ஏற்பாடு செய்யச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். இப்போதைக்கு உடனடி உதவி வேண்டுமென்றால் 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

பிள்ளை யாரிடம் இருக்கும்?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம். அதற்கு மேல் தாயின் உரிமை, தந்தையின் உரிமை என்றெல்லாம் பார்ப்பதில்லை, குழந்தையின் நலன்தான் அளவுகோல். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தன் அறைக்கு அழைத்துப் பேசுவார். பாட்டி சொல்லிக்கொடுத்த வசனத்தை ஒப்பிக்கிற பிள்ளையை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் 'தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுதுவதுதான் பின்னால் வரும் சண்டைகளுக்கு விதை. எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, யார் வீட்டில், யார் கொண்டுவிடுவது என்று எழுதுங்கள். கோடை விடுமுறையில் எத்தனை நாள், தீபாவளி இந்த வருடம் யாரிடம், பொங்கல் யாரிடம் என்பதும் இருக்கட்டும். காதுகுத்து, குலதெய்வக் கோவில் முடியிறக்கம், பெரியவளானால் சடங்கு ஆகியவற்றுக்கு மற்ற தரப்பு வரலாமா என்பதைக்கூட எழுதியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். பள்ளி மாற்றச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் யார் கையெழுத்து? வெளிநாடு கூட்டிப்போக மற்றவரின் எழுத்துச் சம்மதம் வேண்டுமா? இவையும் விட்டுப்போகக் கூடாது.

பிள்ளையின் செலவு தனி. 'எனக்கும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம், விட்டால் போதும்' என்று கோபத்தில் எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. பிள்ளையின் உரிமையைத் தாயால் விட்டுக்கொடுக்க முடியாது. மகள் என்றால் கல்யாணம் ஆகும்வரை, அவளுக்குச் சொந்த வருமானம் இல்லாதபட்சத்தில், தந்தையின் பொறுப்பு தொடரும். கட்டணம் வருடா வருடம் ஏறுவதால், ஒரு தொகையை எழுதுவதைவிடப் 'பள்ளி, கல்லூரிக் கட்டணத்தில் இன்ன பங்கு, பள்ளிக்கே நேரடியாக' என்று எழுதுவது நல்லது.

விவாகரத்து ஆனபின் பிள்ளைக்கு அப்பா வழிப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டா?

உண்டு. பிரிவது கணவனும் மனைவியும்தான், பிள்ளையின் வாரிசுரிமை அப்படியே இருக்கும். மகளுக்கும் சமபங்கு. அப்பா மறுமணம் செய்து அங்கே பிள்ளைகள் பிறந்தாலும் இவர்கள் பங்கு போகாது. 'பிள்ளைகள் எந்தச் சொத்தும் கோரமாட்டார்கள்' என்று மனுவில் ஒரு வரி நுழைந்திருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதியில்லாமல் பெற்றோரே கைமாற்ற முடியாது.

அவர்மீது 498ஏ வழக்கு இருக்கிறது. மியூச்சுவல் ஆனால் தானாக முடிந்துவிடுமா?

முடியாது. கணவரோ அவர் குடும்பமோ மனைவியைக் கொடுமை செய்ததாகப் போடும் வழக்கு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு) தமிழ்நாட்டில் கீழ்க்கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ளும் வகையைச் சேர்ந்ததல்ல. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ மனுப் போட்டு ரத்து செய்ய வேண்டும், புகார் கொடுத்தவர் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். பொதுவாகத் தொகையை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ஒரு பகுதி முதல் மனுவில், ஒரு பகுதி இறுதிக் கையெழுத்தில், கடைசிப் பகுதி வழக்கு ரத்தாகும் நாளில். இரண்டு பக்கமும் பிடி இருக்கும்.

நாங்கள் இந்துக்கள் இல்லை. எங்களுக்கு என்ன மாறும்?

கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். அதன் 10ஏ பிரிவில் பரஸ்பர சம்மதத்துக்கு இரண்டு வருடப் பிரிவு என்று எழுதியிருக்கிறது. அதை ஒரு வருடமாகக் கொள்ள வேண்டும் என்று 2010இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. திருச்சபை தரும் ரத்து சபைக்குள் மட்டும்தான், சட்டத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

முஸ்லிம்களில், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017இல் செல்லாததாகி, 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆனது. மனைவி கோரும் மணவிலக்கான குலாவுக்குத் தனியார் ஷரியத் கவுன்சில் தரும் சான்றிதழ் போதாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மஹர் (கணவர் தரும் மணக்கொடை) பாக்கி, இத்தா (மணவிலக்குக்குப் பின் மனைவி காத்திருக்கும்) காலச் செலவு, எதிர்காலத்துக்கான நியாயமான ஏற்பாடு மூன்றையும் கேளுங்கள். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது.

கணவர் அமெரிக்காவில் விவாகரத்து வாங்கிவிட்டார். எனக்கு மெயிலில் ஒரு பேப்பர் வந்திருக்கிறது.

பதற வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். இங்கே இந்து முறைப்படி நடந்த கல்யாணத்தை, நம் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, உங்கள் பங்கேற்பு இல்லாமல் வெளிநாட்டு நீதிமன்றம் ரத்து செய்தால் அது இங்கே செல்லாது என்பது 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கில் நீங்கள் போய் விருப்பத்துடன் வாதாடினால் நிலைமை மாறும். பதில் மெயில் போடும் முன் இங்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். மனைவி தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போட 2003 திருத்தம் வழி செய்திருக்கிறது.

வழக்கு நடக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால்?

தீர்ப்பு வராதவரை அவர் மனைவிதான், இவர் கணவர்தான். பத்து வருடம் பிரிந்திருந்தாலும் வாரிசுரிமை போகாது. வாரிசுச் சான்றிதழில் பெயர் சேர்க்க மறுத்தால் விடாதீர்கள்.

வக்கீல் பீஸ் கொடுக்க வழியில்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆதாரோடு போய் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் வக்கீலை நியமிப்பார்கள். ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு. தனியாக வக்கீல் வைத்தால் பீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்று கேட்பது வக்கீல்களுக்கான நடத்தை விதிப்படி கூடாது.

தீர்ப்பு வந்துவிட்டது. அடுத்து?

சான்றிட்ட நகல் மூன்று நான்கு வாங்கிவிடுங்கள். வங்கி, பாஸ்போர்ட் ஆபீஸ், பிள்ளையின் பள்ளி என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வருங்கால வைப்பு நிதி, எல்.ஐ.சி., வங்கிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாவற்றிலும் நாமினியை மாற்றுங்கள். தீர்ப்பால் நாமினி தானாக மாறாது. 1874ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி மனைவிக்காக எடுத்த பாலிசி என்றால் கணவர் நினைத்தாலும் மாற்ற முடியாது, அதைப் பற்றி ஒப்பந்தத்திலேயே பேசியிருக்க வேண்டும். கூட்டுக் கணக்கையும் கூட்டு லாக்கரையும் மூடுங்கள். கூடுதல் கிரெடிட் கார்டை நிறுத்துங்கள். ரேஷன் அட்டையில் பெயர் நீக்கித் தனி அட்டைக்கு விண்ணப்பியுங்கள், அரசு உதவித்தொகைகளுக்கு முதலில் கேட்பது அதைத்தான்.

ஒருவர் எதிர்த்து நடத்திய போட்டி வழக்கில் கிடைத்த தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டுக் கெடு முடியாமல் மறுமணம் செய்யக் கூடாது. 90 நாள் போகட்டும், அதன்பின் மேல்முறையீடு ஏதும் தாக்கலாகவில்லை என்று வக்கீலிடம் பார்க்கச் சொல்லிவிட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.